ஒரு மணி நேரக்காரர்களின் ஆறாவது மணி நேரம்

2018 மார்ச் 3 அன்று, மழையிலும் சேற்றிலும் நடந்த ஸ்திராதே பியாங்கே என்ற சைக்கிள் பந்தயம் இத்தாலியின் சியனா நகரத்துக்குள் நுழைந்தபோது, டீஷ் பெனூட் தனியாக முன்னே போய்விட்டிருந்தார். அவருக்குப் பின்னால் வந்த ரொமெய்ன் பார்டே கடைசி ஏற்றத்தில் தன் கூட்டாளியைக் கழற்றிவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தார். கழற்றிவிடப்பட்டவர் வௌட் வான் ஆர்ட். அப்போது அவருக்கு வயது 23. ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்புதான் நெதர்லாந்தின் வால்கன்பர்க்கில், சேற்றிலும் புல்லிலும் ஓட்டும் ஒரு மணி நேரச் சைக்கிள் பந்தயமான சைக்ளோகிராசின் உலகப் பட்டத்தைத் தொடர்ந்து மூன்றாவது முறையாக வென்றிருந்தார். இரண்டு பக்கமும் கல் சுவர்கள் நெருங்கி நிற்கும் அந்தக் குறுகலான தெருவில் அவருடைய தொடை பிடித்துக்கொண்டது. மிதி சுற்ற மறுத்தது, சைக்கிள் நின்றது, நின்ற இடத்திலேயே அவர் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். எழுந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சில அடிகள் ஓடினார், மறுபடி தாவி ஏறி, மூன்றாமவராக முடிவுக் கோடு இருந்த சதுக்கத்துக்குள் வந்து சேர்ந்தார்.

அந்தக் காட்சியை நான் பலமுறை பின்னோட்டிப் பார்த்திருக்கிறேன். சைக்கிளிலிருந்து இறங்குவதும் ஓடுவதும் தாவி ஏறுவதும் சைக்ளோகிராஸ் வீரருக்குப் பல் துலக்குவது மாதிரி. ஒரு மணி நேரப் பந்தயத்தில் அதை எத்தனையோ முறை செய்கிறார். அன்றைக்கு ஒரே ஒருமுறை செய்ய வேண்டியிருந்தது, ஆனால் அது 184 கிலோமீட்டரின் முடிவில் வந்தது. சைக்ளோகிராஸ் வீரர்கள் தங்கள் ஓய்வுப் பருவத்தில் சாலைப் பந்தயங்களில் எப்படிச் சவாரி செய்கிறார்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்துதான் தொடங்கியது.

முதலில் யாருடைய ஓய்வுப் பருவம் என்று சொல்லிவிட வேண்டும். சைக்ளோகிராஸ் என்பது செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும் குளிர்கால விளையாட்டு. உலகப் போட்டி ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ வருகிறது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியும் நெதர்லாந்தும்தான் அதன் தாய்வீடு. சாலைப் பந்தயங்களின் பெரும்பகுதி மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. ஆகவே ஒருவருக்கு ஓய்வாக இருக்கும் மாதங்கள் மற்றவருக்கு அறுவடைக்காலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது தலைகீழாக இருந்தது. சாலை வீரர்கள்தான் குளிர்காலத்தில் உடல் இறுகிப்போகாமல் இருக்க வயல்களிலும் காடுகளிலும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 1947இல் டூர் டி பிரான்சை வென்ற ஜான் ரோபிக்தான் 1950இல் முதல் சைக்ளோகிராஸ் உலக வெற்றியாளர். பயிற்சிக்காகப் பிறந்த விளையாட்டு பின்னாளில் தனக்கென்று வீரர்களையும் ரசிகர்களையும் வருமானத்தையும் தேடிக்கொண்டு தனிக்குடித்தனம் போனது; அந்த வீரர்கள் கோடையில் சாலைக்கு விருந்தாளிகளாகத் திரும்பி வருகிறார்கள்.

சைக்ளோகிராசின் ஒரு மணி நேரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை நேரில் பார்க்காதவர்களுக்கு விளக்குவது கடினம். சுமார் மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள சுற்று. புல், சேறு, மணல், படிக்கட்டு, மரப்பலகைத் தடுப்புகள், அவற்றுக்கிடையே சிறிது தார்ச்சாலை. பந்தயத் தொடக்கமே முடிவுக் கோட்டை நோக்கி முழுவேகத்தில் பாயும் இறுதி ஓட்டம் போலிருக்கும், ஏனென்றால் தார்த் தடம் முடிந்து பாதை குறுகும் இடத்தில் இருபதாவது ஆளாக நுழைபவர், முன்னே இருப்பவர்கள் இறங்கி நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ஒரு பந்தயத்தில் வீரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து மறுபடி எழுந்து நின்று மிதித்த இடங்களை நான் கைவிரல் விட்டு எண்ணினேன். ஒரு சுற்றில் 26 வந்தது. எட்டுச் சுற்றுகளுக்கு இருநூறைத் தாண்டுகிறது. இருநூறு முறை முழுப் பலத்தோடு அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு வாங்கச் சில விநாடிகளே கிடைக்கும் ஒரு மணி நேரம் அது. இன்னொன்றையும் கவனித்தேன்: அந்தச் சைக்கிள்களில் தண்ணீர்ப் புட்டி மாட்டும் கூண்டே கிடையாது. ஒரு மணி நேரத்துக்குக் குடிக்கவும் வேண்டாம், தின்னவும் வேண்டாம். இந்தச் சிறிய விவரம் நான் எழுத வந்த விஷயத்தின் பாதியைச் சொல்லிவிடுகிறது என்று பிறகுதான் புரிந்தது.

சைக்ளோகிராஸ் வீரர் சாலையில் ஜெயித்தால், சேற்றில் ஓட்டிப் பழகியவர், சைக்கிளை வசப்படுத்தத் தெரிந்தவர், அதனால் ஜெயித்தார் என்பதே வழக்கமான விளக்கம். தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் மழைத்துளி விழுந்த அடுத்த நிமிடமே இதைத் தொடங்கிவிடுகிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை என்பது என் கட்சி. 2021 அக்டோபர் 3 அன்று நடந்த பாரிஸ்–ரூபே பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் காணாத சேறு. கல் பாவிய பாதைகளில் வீரர்களின் முகம் அடையாளம் தெரியவில்லை. அந்தக் கணக்குப்படி நெதர்லாந்தின் சைக்ளோகிராஸ் உலக வெற்றியாளர் மாத்தியூ வான் டெர் பூல் அன்று தனியாக வந்திருக்க வேண்டும். ரூபே மைதானத்துக்குள் மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். முதன்முறையாக ரூபேயில் ஓட்டிய சோனி கொல்பிரெல்லி என்ற இத்தாலியச் சாலை வீரர் வென்றார், வான் டெர் பூல் மூன்றாமவர். அதே வான் டெர் பூல் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து ரூபேயை வென்றார்; அவற்றில் 2024இல் சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தைத் தனியாகக் கடந்தார். சேறு அவருக்குச் சாதகம் என்றால் புழுதி அவருக்கு அதைவிடச் சாதகம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

சைக்கிளை வசப்படுத்தும் திறமை பந்தயத்தை வென்று தருவதைக் காட்டிலும், பலத்தை மிச்சப்படுத்தித் தருகிறது. நூற்றைம்பது பேர் ஒரு குறுகிய தெருவுக்குள் திரும்பும்போது, பிரேக்கைத் தொடாமல் உள்வட்டத்தில் நுழைந்து ஐந்து இடம் முன்னேறுகிறவர், அந்த ஐந்து இடத்துக்காக ஒருமுறை எழுந்து மிதிக்க வேண்டிய தேவையைத் தவிர்த்துவிடுகிறார். ஆறு மணி நேரத்தில் இப்படி ஐம்பது முறை தவிர்த்தால் கடைசியில் அது கணக்கில் தெரியும். 2022இல் சைக்ளோகிராஸ் உலகப் பட்டத்தை வென்ற டாம் பிட்காக், அதே ஆண்டு டூர் டி பிரான்சில் ஆல்ப் டுவெஸ் சிகரத்தில் முடிந்த நாளை வென்றபோது, ஏற்றத்தில் என்ன செய்தார் என்பதைவிட, முன்னதாக வந்த கலிபியே இறக்கத்தில் முன்னே சென்ற குழுவை எப்படி எட்டிப் பிடித்தார் என்பதைத்தான் எல்லாரும் பேசினார்கள். அவர் அந்த இறக்கத்தில் செய்ததை வேறு சிலரும் செய்யக்கூடும். ஆனால் அவர்கள் அடிவாரத்துக்கு வந்து சேரும்போது பயத்திலேயே பாதி களைத்திருப்பார்கள்.

உண்மையான சொத்து, திரும்பத் திரும்ப முழுப் பலத்தில் அழுத்தும் பழக்கம். 2019 ஏப்ரலில் நடந்த ஆம்ஸ்டெல் கோல்ட் பந்தயத்தை நான் முதலில் இப்படிப் பார்க்கவில்லை. அதிர்ஷ்டம் என்றே நினைத்தேன். ஜூலியன் அலாஃபிலிப்பும் யாகோப் ஃபூக்ல்சாங்கும் முன்னே போய், வெற்றி தங்களுக்குள்தான் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார்கள். பின்னால் ஒரு சிறு கூட்டத்தை வான் டெர் பூல் ஏறத்தாழத் தனியாகவே இழுத்துக்கொண்டு வந்தார், வந்த வேகத்திலேயே நீண்ட இறுதி ஓட்டத்தைத் தொடங்கி எல்லாரையும் கடந்தார், கோட்டைத் தாண்டியதும் தரையில் மல்லாந்து விழுந்தார். பல கிலோமீட்டர் இழுத்தவருக்கு இறுதி ஓட்டம் மிச்சமிருக்கக் கூடாது. சாலைப் பந்தயத்தின் வாய்ப்பாடு அதுதான். ஆனால் சைக்ளோகிராசின் கடைசிச் சுற்றில், இருநூறாவது முறை எழுந்து மிதிக்கும்போதும் முதல் முறை மிதித்த பலத்தில் பெரும்பகுதி இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அந்த விளையாட்டில் இடமே இல்லை. பதினைந்து ஆண்டு அப்படிப் பழகிய உடம்பு வாய்ப்பாட்டை மதிக்கவில்லை. (அவருடைய தந்தை ஆத்ரி வான் டெர் பூல் 1990இல் அதே பந்தயத்தை வென்றவர், 1996இல் சைக்ளோகிராஸ் உலகப் பட்டத்தையும் வென்றவர். பரம்பரைச் சொத்து என்று சொல்வோர் சொல்லட்டும்.)

2020 அக்டோபரில் நடந்த, பெல்ஜியத்தின் ஒருநாள் பந்தயமான டூர் ஆஃப் ஃபிளாண்டர்சில் முன்னே பிரிந்து சென்றவர்கள் மூன்று பேர்: வான் டெர் பூல், வான் ஆர்ட், அலாஃபிலிப். மூன்றாமவரைச் சாலை வீரராகவே எல்லாரும் அறிவார்கள். ஆனால் 2010இல் தாபோர் நகரில் நடந்த இளையோர் சைக்ளோகிராஸ் உலகப் போட்டியில் அவர் வெள்ளி வென்றவர். ஒரு மோட்டார்சைக்கிளில் மோதி அவர் விழுந்த பிறகு மற்ற இருவரும் கோடு வரை தோளோடு தோளாக வந்தார்கள். டயர் அகல வித்தியாசத்தில் வான் டெர் பூல் வென்றார். குளிர்கால ஞாயிற்றுக்கிழமைப் போட்டி ஒன்று அக்டோபரில் தார்ச்சாலைக்கு இடம் மாறி வந்ததுபோல் எனக்குத் தோன்றியது.

இனி பற்றாக்குறையின் கதை. 2019 செப்டம்பர் 29, இங்கிலாந்தின் யார்க்ஷயர், சாலை உலகப் போட்டி. குளிரும் ஓயாத மழையும். பாதையைச் சுருக்கிய பிறகும் சுமார் 260 கிலோமீட்டர். இரண்டு வாரத்துக்கு முன்புதான் டூர் ஆஃப் பிரிட்டனை வென்றிருந்த வான் டெர் பூல், ஐந்து பேர் கொண்ட முன்னணிக் குழுவில் இருந்தார். அந்த வானிலையும் அந்தக் குழுவும் அவருக்காகவே செய்தவை போலிருந்தன. நான் குறிப்பேட்டில் அவர் பெயரை முன்கூட்டியே எழுதிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கடைசிச் சுற்று தொடங்கிய இடத்தில், எந்தத் தாக்குதலும் இல்லாமல், ஒரு சாதாரண மேட்டில் அவருடைய சைக்கிளுக்கும் முன்னே இருந்தவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழுந்தது. அடுத்த நிமிடம் அது ஒரு தெரு நீளம் ஆனது. மிச்சமிருந்த சில கிலோமீட்டர்களில் பத்து நிமிடங்களுக்கு மேல் இழந்து 43ஆவது ஆளாக வந்து சேர்ந்தார். மாட்ஸ் பெடர்சன் வென்றார்.

ஒரு மணி நேரப் பந்தயத்தில் உடம்பு தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையே போதும். ஆறு மணி நேரத்துக்கு அந்தச் சேமிப்பு போதாது. தின்றுகொண்டே இருக்க வேண்டும், கொழுப்பை எரித்து ஓடும் திறனும் வேண்டும், ஆயிரக்கணக்கான கிலோகலோரியைச் செலவழித்த பிறகும் ஐந்து நிமிட முழுப்பலம் குறையாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசித் திறனை எந்தச் சேற்றுச் சுற்றும் கற்றுத்தராது. அதைத் தருவது அடுக்கடுக்காக நாள்கள் ஓட்டும் கட்டப் பந்தயங்களே என்பது என் முடிவு, அதற்கு என்னிடம் இருக்கும் சிறந்த சான்றும் அதே வீரர்தான். 2023 ஆகஸ்ட் 6 அன்று கிளாஸ்கோவில் நடந்த சாலை உலகப் போட்டி 271 கிலோமீட்டர், யார்க்ஷயரைவிட நீளமானது. அதற்குச் சரியாக இரண்டு வாரத்துக்கு முன்பு அவர் மூன்று வார டூர் டி பிரான்சை முடித்திருந்தார். அந்த டூரில் அவர் தனக்காக எதையும் வெல்லவில்லை, தன் அணித்தோழர் யாஸ்பர் பிலிப்சனை இறுதி ஓட்டங்களுக்கு இழுத்துச் சென்று விடும் வேலையைச் செய்தார். கிளாஸ்கோ நகரச் சுற்றோ, திருப்பத்துக்கு மேல் திருப்பம், ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் ஓர் எழுச்சி என்று சைக்ளோகிராசைத் தாரில் வார்த்ததுபோல் இருந்தது. தனியாகப் பிரிந்த பிறகு ஈரத் திருப்பம் ஒன்றில் விழுந்து, காலணியின் பூட்டு உடைந்து, அப்படியே ஓட்டி, வான் ஆர்ட்டைவிட 1 நிமிடம் 37 விநாடி முன்னதாக வந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் சைக்ளோகிராஸ் உலகப் பட்டத்தையும் வென்றிருந்தார். யார்க்ஷயருக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவே அவருடைய திறமை மாறவில்லை. ஐந்தாவது, ஆறாவது மணி நேரங்கள் மாறியிருந்தன.

வான் ஆர்ட்டின் பாதையும் அதே திசையில்தான் போனது. சியனாவில் விழுந்த அந்த வசந்தத்தில் ஃபிளாண்டர்சில் ஒன்பதாவதாகவும் ரூபேயில் பதின்மூன்றாவதாகவும் வந்தார். முதல் முயற்சிக்கு மிக நல்ல எண்கள், ஆனால் வெற்றியின் பக்கத்தில் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து அதே ஸ்திராதே பியாங்கேயையும் அடுத்த வாரமே மிலான்–சான் ரெமோவையும் வென்றார். 2021 டூரில் மோன் வாந்தூ மலையை இருமுறை ஏறிய நாள், தனிநபர் நேர ஓட்டம், பாரிஸ் நகரின் கூட்ட இறுதி ஓட்டம் என மூன்று வெவ்வேறு சாதிப் பந்தயங்களை ஒரே டூரில் வென்றதை இன்றைக்கும் என்னால் முழுமையாக விளக்க முடியவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, சைக்ளோகிராஸ் வீரர்கள் எல்லாரும் சாலையில் கொடிகட்டிப் பறக்கிறார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2005, 2013 ஆண்டுகளின் உலகப் பட்டங்களை வென்று, குளிர்காலத்தில் ஒரு தலைமுறையையே ஆண்ட ஸ்வென் நைஸ், பெரிய சாலை அணியில் பல ஆண்டுகள் இருந்தும் சாலையில் பெரிய வெற்றி எதையும் பெறவில்லை. இதற்குக் கால்களைவிட நாட்காட்டியே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். முழுநேரச் சைக்ளோகிராஸ் வீரருக்கு ஐந்து மாதம் வாராவாரம் இரண்டு பந்தயம். ஒவ்வொன்றுக்கும் அமைப்பாளர் தரும் பங்கேற்புத் தொகைதான் அவருடைய வீட்டு அடுப்பை எரிக்கிறது. பிப்ரவரி முடிந்ததும் அவர் சைக்கிளைச் சுவரில் மாட்டிவிட்டு விடுமுறைக்குப் போகிறார். ஃபிளாண்டர்சும் ரூபேயும் சரியாக அந்த நேரத்தில் வருகின்றன. அவர் மறுபடி உடம்பைத் தேற்றிக்கொண்டு மே, ஜூன் மாதங்களில் சாலைக்கு வரும்போது மிச்சமிருப்பவை பெல்ஜியத்தின் நடுத்தர ஒருநாள் பந்தயங்களும் நான்கைந்து நாள் கட்டப் பந்தயங்களும்தான். அவற்றையும் அவர் வெல்ல வருவதில்லை, செப்டம்பருக்கான அடித்தளம் போட வருகிறார். முடிவுப் பட்டியலில் அவர் பெயரை எழுபதாவது இடத்தில் பார்த்து, பாவம், சாலை இவருக்கு ஒத்துவரவில்லை என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

நடுவில் நிற்பவர்கள்தான் எனக்குச் சுவையானவர்கள். முழு சைக்ளோகிராஸ்காரராகவே அறியப்பட்ட க்வின்டென் ஹெர்மன்ஸ் 2022இல் லீஜ்–பாஸ்டோன்–லீஜ் என்ற பெல்ஜிய ஒருநாள் பந்தயத்தில் ரெம்கோ எவனபூலுக்கு அடுத்து இரண்டாவதாக, வான் ஆர்ட்டுக்கும் முன்னே வந்தார். டிம் மெர்லியர் பல குளிர்காலங்களைச் சேற்றில் கழித்துவிட்டு 26 வயதில் பெல்ஜியச் சாலைப் பட்டத்தை வென்றார். 2021இல் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோ, டூர் இரண்டிலும் இறுதி ஓட்டங்களை வென்றார். அவரைத் தூய இறுதி ஓட்டக்காரர் என்றே இன்றைய ரசிகர்கள் நினைக்கிறார்கள். சைக்ளோகிராசின் தொடக்க விநாடிகளைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. தோளால் இடித்து இடம் பிடிப்பதும் எங்கே இடைவெளி திறக்கும் என்று முன்கூட்டியே தெரிவதும் அங்கேயே படித்த பாடம். ஸ்வென் நைஸின் மகன் திபோ 2024இல் ஹங்கேரி கட்டப் பந்தயத்தை வென்று, ரொமாண்டி, சுவிட்சர்லாந்து கட்டப் பந்தயங்களில் தலா ஒரு நாளையும் போலந்தில் மூன்று நாள்களையும் வென்றார். தந்தைக்குக் கிடைக்காத கோடை மகனுக்குக் கிடைத்தது.

பெண்கள் தரப்பில் இந்தத் தாவல் எளிதாக நடக்கிறது, அதற்குத் தூரமே காரணம் என்பது என் ஊகம். அவர்களுடைய பெரிய ஒருநாள் பந்தயங்கள் பெரும்பாலும் 130 முதல் 160 கிலோமீட்டருக்குள் முடிகின்றன. சைக்ளோகிராசுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் பள்ளம் ஆண்களுக்கு இருப்பதில் பாதிதான். எட்டு முறை சைக்ளோகிராஸ் உலகப் பட்டம் வென்ற மரியானே வோஸ் சாலையில் மூன்று உலகப் பட்டங்களும் 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கமும் வென்றார். பாலின் ஃபெரான் பிரெவோ 2014, 2015 ஆண்டுகளில் சாலை, சைக்ளோகிராஸ், மலைச் சைக்கிள் மூன்றின் உலகப் பட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார். பத்தாண்டு கழித்து, 2025இல், பெண்கள் பாரிஸ்–ரூபேயையும் பெண்கள் டூரையும் ஒரே பருவத்தில் எடுத்துக்கொண்டார்.

சைக்ளோகிராசிடம் பெற்றதைச் சாலை குளிர்காலத்தில் திருப்பிக் கொடுக்கிறதா என்ற கேள்விக்கு ஷ்டிபார் ஒரு பதில். செக் நாட்டவரான ஸ்டெனெக் ஷ்டிபார் 2010, 2011 உலகப் பட்டங்களுக்குப் பிறகு சாலைக்குக் குடிபெயர்ந்தார். 2013இல் முதல் ரூபேயிலேயே கடைசிக் கல்பாதைகளில் முன்னணியில் இருந்து, ஒரு பார்வையாளர்மீது இடித்து ஆறாவதாக வந்தார். அடுத்த குளிர்காலத்தில் மிகச் சில சைக்ளோகிராஸ் பந்தயங்களே ஓட்டிவிட்டு ஹோகர்ஹைடு உலகப் போட்டிக்கு வந்து, ஸ்வென் நைஸோடு சுற்றுக்குச் சுற்று முன்னும் பின்னுமாக மோதிப் பட்டத்தைத் தட்டிச் சென்றார். நாள் முழுதும் ஓட்டிச் சேர்த்த பலம் கடைசி இரண்டு சுற்றுகளில் வெளிவந்தது. இப்போது பெரிய வீரர்கள் எல்லாரும் அந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள். 2018–19 பருவத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சைக்ளோகிராஸ் பந்தயங்களில் ஓட்டிய வான் டெர் பூல், 2023–24இல் 14 மட்டுமே ஓட்டி 13ஐ வென்றார். இடையில் 2021–22இல் முதுகுவலியால் இரண்டே பந்தயங்களோடு குளிர்காலத்தைக் கைவிட்டு, மார்ச்சில் நேராக மிலான்–சான் ரெமோவுக்கு வந்து மூன்றாவதாக முடித்து, ஏப்ரலில் ஃபிளாண்டர்சை வென்றார். சைக்ளோகிராஸ் இல்லாமலும் அவரால் முடிகிறது என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. இருபது குளிர்காலங்களின் பழக்கம் ஒரு குளிர்காலத்தில் கால்களை விட்டுப் போய்விடாது.

என் குறிப்பேட்டில் இப்போது வெற்றியாளர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி இருக்கிறது. கோடையில் சைக்ளோகிராஸ்காரர் ஒருவர் நீண்ட சாலைப் பந்தயத்தின் முன்னணியில் இருந்தால், அவர் திருப்பங்களில் எப்படி நுழைகிறார் என்று நான் பார்ப்பதில்லை. நான்காவது மணி நேரத்தில் அவருடைய கை எத்தனை முறை உடுப்பின் முதுகுப்புறத்தில் இருக்கும் தின்பண்டப் பையை நோக்கிப் போகிறது என்று எண்ணுகிறேன். குளிர்கால உடுப்பில் அந்தப் பையே இருக்காது.